இரண்டு சீட்டுக்கு நடுவே

தெருமுனை டாக்டரிடம் இந்தியர்கள் எதற்காகப் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு நம்பத்தக்க விடை ஒன்று புனேயிலிருந்து வந்தது. அங்குள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் சந்தீப் சால்வியும் சக ஆய்வாளர்களும் 880 ஊர்களில் 7,400 டாக்டர்களிடம், ஒரே ஒரு நாள் வந்துபோகும் நோயாளிகளைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். அந்தக் கணக்கு 2015 டிசம்பரில் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. வந்த நோயாளிகள் 2,04,912 பேர். அவர்கள் சொன்ன தொல்லைகள் 5,54,146. மூச்சு தொடர்பான தொல்லை பாதிப் பேருக்கு மேல், காய்ச்சல் மூன்றில் ஒருவருக்கு. டாக்டர்கள் எழுதிய நோய்ப் பெயர்களில் உயர் ரத்த அழுத்தம் முன்வரிசையில் இருந்தது.

இந்த எண்களைப் பொதுவாக நுரையீரல் நோய்களின் சுமையைக் காட்டத்தான் எடுத்தாள்கிறார்கள். எனக்கு அவற்றில் தெரிவது வேறு. ஆளுக்குச் சராசரியாக இரண்டரைத் தொல்லைக்கு மேல் இருக்கிறது. அதாவது காய்ச்சலுக்கு வருகிறவர் வெறும் காய்ச்சலோடு வருவதில்லை. வீட்டில் பிரஷர் மாத்திரையோ சுகர் மாத்திரையோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சலைப் பார்க்கும் டாக்டர் அதை எழுதியவர் அல்ல. பல நேரங்களில் அவருக்கு அது தெரிவதுமில்லை. ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுவதை மருந்தியலின் சிக்கலாகவே பாடப் புத்தகங்கள் சொல்லித்தருகின்றன. நம் ஊர்களில் அது பெரும்பாலும் ஒரு சீட்டு இன்னொரு சீட்டைப் பார்க்காத சிக்கல்.

2024 மழைக்காலத்தில் புனேயில் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றும் ஒன்றாகச் சுற்றின. அந்தப் பருவத்துக்குப் பொருந்துகிற ஒரு சீட்டைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம். அறுபது தாண்டிய ஒருவர். காலையில் டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை, இரவில் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது. பக்கத்துத் தெரு டாக்டர் அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால் சேர்ந்த வலி மாத்திரை, லீவோஃப்ளாக்சசின், ராபெப்ரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேஸ் மாத்திரை எழுதித் தருகிறார். இவை போக, ஜுரம் ஏறும்போதெல்லாம் போடுவதற்கு வீட்டில் பாராசிட்டமால் 650 இருக்கிறது. கையில் இருப்பது ஏழே அட்டை. உள்ளே போவது பத்து மருந்து.

இதில் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். டெல்மிசார்ட்டன் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை உடம்பின் நீரை இறக்குகிறது. வலி மாத்திரை வடிகட்டிக்குள் வரும் குழாயைச் சுருக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகலாம். பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து எடுத்த 4,87,372 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் பிஎம்ஜே இதழ் வெளியிட்ட கட்டுரை, இந்த மூன்றும் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் வாய்ப்பு 31 விழுக்காடு கூடுவதாகச் சொன்னது. முதல் 30 நாளில் அது 82 விழுக்காடு. காய்ச்சலில் தண்ணீரும் இறங்காமல் கிடக்கும் உடம்பு இன்னும் மோசமான நிலையில் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் வெளியேற வழியில்லை. ரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் அடுத்தபடியாக வந்து நிற்கிறது.

இரண்டாவது, லீவோஃப்ளாக்சசினும் கிளிமெபிரைடும். இந்த வகை ஆன்டிபயாடிக்குகள் கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையைச் சரேலென இறக்கக்கூடியவை. வாய்க் கசப்பில் சாப்பிடாமல் சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டவருக்கு அது மயக்கம்வரை போகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த காட்டிஃப்ளாக்சசின் சர்க்கரையைத் தாறுமாறாக்கியதால்தான் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மூன்றாவது, ஆஸ்பிரினோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு. வந்தது சிக்குன்குனியா அல்ல, டெங்கு என்று பிறகு தெரிந்தால் நிலைமை இன்னும் கெடும். நான்காவது, லீவோஃப்ளாக்சசின், டாம்பெரிடோன் இரண்டுமே இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டுகிறவை. ஐந்தாவது, வலி மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் 650-ஐயும் சேர்த்துப் போடுவது.

வைரஸ் காய்ச்சலுக்கு லீவோஃப்ளாக்சசின் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மோதலைத் தவிர்க்கச் சிறந்த வழி, தேவையில்லாத மருந்தை எழுதாமலிருப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று பெரிய மருத்துவமனைகளின் 4,838 சீட்டுகளைத் தராதரம் பார்த்தது. ஏறக்குறைய 45 விழுக்காடு சிகிச்சை நெறிமுறையிலிருந்து விலகியிருந்தன. ஏற்கவே முடியாத விலகல் உள்ளவை 475, அதாவது பத்தில் ஒன்று. தப்பு அதிகம் தென்பட்டது அபூர்வமான மருந்துகளில் அல்ல. பான்டோபிரசோலும், ராபெப்ரசோல்-டாம்பெரிடோன் கூட்டும் அந்தப் பட்டியலில் முன்னால் நின்றன. ‘கேஸ் மாத்திரை’ நம்மிடையே மருந்தாகவே எண்ணப்படுவதில்லை. மற்ற மாத்திரைகளுக்குத் துணையாக ஒன்று இருக்கட்டுமே என்று எழுதப்படுகிறது, கேட்கவும்படுகிறது.

பத்து மருந்து ஏழே அட்டைக்குள் ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது கூட்டு மாத்திரை. எல்லாக் கூட்டும் தவறு என்று சொல்ல முடியாது. காசநோய்க்கு நான்கு மருந்தை ஒரே மாத்திரையாகக் கொடுப்பதால் ஒன்றை மட்டும் விட்டுவிடும் ஆபத்து நீங்குகிறது. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ப்பதில் தெளிவான மருந்தியல் இருக்கிறது. ஆனால் மத்திய அனுமதி இல்லாமல் மாநில உரிம அதிகாரிகளின் கையெழுத்தோடு சந்தைக்கு வந்த கூட்டுகள் ஏராளம். 2012-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. சந்திரகாந்த் கோகடே குழு ஆராய்ந்த பிறகு 2016 மார்ச்சில் அரசு 344 கூட்டுகளைத் தடை செய்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மறு ஆய்வுக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கூட்டுகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. 2023-இல் 14, 2024 ஆகஸ்டில் இன்னும் 156. கடைசிப் பட்டியலில் அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 சேர்ந்த மாத்திரையும் இருந்தது. அதன் பெரிய அளவுச் சகோதரன் கடையில் இன்னும் விற்கிறது. புனேயில் வாழும் டாக்டர் அனந்த் பட்கே பகுத்தறிவுள்ள மருந்துப் பயன்பாட்டுக்காகப் பல பத்தாண்டுகளாக வாதாடிவருகிறவர். 1998-இலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இருபது ஆண்டு கழித்து வந்த தடைப் பட்டியல்களைப் பார்க்கும்போது, சொன்னது காதில் விழவில்லை என்பதைவிட, விழுந்தும் ஆறப்போட்டார்கள் என்றே படுகிறது.

இரண்டு சீட்டுகள் சந்தித்தே தீரவேண்டிய நோய்களும் உண்டு. காசநோயும் எச்ஐவியும் அப்படிப்பட்டவை. ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். ஓரிரு வாரத்தில் அந்தக் கல்லீரல் மற்ற மருந்துகளை வழக்கத்தைவிட வேகமாக உடைத்துத் தள்ளத் தொடங்கும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு, கிளிமெபிரைடு வகைச் சுகர் மாத்திரை எல்லாமே வலுவிழக்கும். எச்ஐவி மருந்துகளில் சிலவும் அப்படித்தான். சென்னை சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கிவரும் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் சௌமியா சுவாமிநாதன் குழு, இரண்டு நோயும் உள்ள 116 பேரிடம், ரிஃபாம்பிசினோடு நெவிராபின் தருவதா, எஃபாவிரென்ஸ் தருவதா என்று ஒப்பிட்டுப் பார்த்தது. நாளுக்கு ஒருமுறை நெவிராபின் எடுத்தவர்களில் சிகிச்சைத் தோல்வியும் மரணமும் கூடுதலாக இருந்ததால் ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். 2011-இல் முடிவு வெளியானது. இப்போது தரப்படும் டோலுடெக்ராவிரை ரிஃபாம்பிசின் எடுக்கும் காலம் முழுதும் நாளுக்கு இருமுறை கொடுக்கவேண்டும். அதை நிறுத்தியபின்னும் இரண்டு வாரம் அப்படியே தொடரவேண்டும். நொதி பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகிறது. புனே போசரியில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் 1992-இல் தொடங்கியதும், சசூன் மருத்துவமனையை ஒட்டிய பி.ஜே. மருத்துவக் கல்லூரி இதே துறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்வதும் தற்செயல் அல்ல. இரு நோயும் சேர்ந்த நோயாளிகள் அந்த நகரில் நிறைய. இந்த ஒரு துறையில் சீட்டுகள் ஒன்றையொன்று பார்க்கின்றன. அரசுத் திட்டங்கள் இரண்டும் ஒரே நோயாளியின் பெயரைப் பகிர்ந்துகொள்வதே காரணம்.

புனே உலகுக்குக் கொடுத்த இன்னொரு பாடம் அவ்வளவு பேசப்படுவதில்லை. ராஸ்தா பேட்டிலுள்ள கேஇஎம் மருத்துவமனையில் நீரிழிவு ஆராய்ச்சி செய்யும் சித்தரஞ்சன் யாக்னிக் 2006-இல் வெளியிட்ட கட்டுரை, கிராமம், குடிசைப் பகுதி, நகர நடுத்தர வர்க்கம் என மூன்று இடங்களைச் சேர்ந்த 441 ஆண்களின் ரத்தத்தில் பி12 வைட்டமினை அளந்தது. 67 விழுக்காட்டினருக்கு அது குறைவு. வசதியான நடுத்தர வர்க்கத்தில்தான் குறைபாடு மிக அதிகம், 81 விழுக்காடு. சைவ உணவு முக்கியக் காரணம். இந்த உடம்புக்கு மெட்ஃபார்மின் எழுதப்படுகிறது. மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. கூடவே ஆண்டுக்கணக்கில் கேஸ் மாத்திரை. வயிற்று அமிலம் இல்லாமல் உணவிலிருந்து பி12 பிரிவதில்லை. ஆக ஏற்கெனவே காலியான பாத்திரத்தில் இரண்டு ஓட்டை.

விளைவு மெதுவாக வருகிறது. பாதம் மரத்துப்போகும், எரியும், ஊசி குத்தும். சுகர் நோயாளிக்குக் கால் எரிந்தால் அது சுகரால்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறோம். எரிச்சலுக்கு ப்ரிகாபலின் எழுதப்படும். அது தலைசுற்றலும் கால் வீக்கமும் தரும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை வரும். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோயென்று எண்ணி அடுத்த மருந்தை எழுதிக்கொண்டே போவதை, பவுலா ரோச்சனும் ஜெர்ரி குர்விட்சும் 1990களில் தனியே ஒரு பெயரிட்டுப் பிரித்துக் காட்டினார்கள். அம்லோடிபின் எடுப்பவரின் கணுக்கால் வீங்கினால் நீர் மாத்திரை எழுதுவதும் அதே கதை. இங்கே ஒரு விநோதம் உண்டு. நம் சந்தையில் ப்ரிகாபலினோடு மெத்தில்கோபாலமின், அதாவது பி12 சேர்ந்தே வருகிறது. எரிச்சல் எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாமல், இரண்டும் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது. மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு, குறிப்பாகச் சைவர்களுக்கு, பி12 அளவைச் சோதித்துப் பார்ப்பது ஒரு எளிய காரியம். சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம். பி12-ஐ ஆண்டுக்கு ஒருமுறை அளப்பவர்கள்கூடக் குறைவு.

சீட்டே இல்லாமல் நடக்கிற மோதல் இதைவிட மோசம். இதய வால்வு மாற்றியவர்கள் அசினோகூமராலோ வார்ஃபரினோ ஆயுள் முழுதும் எடுக்கவேண்டியவர்கள். வாதக் காய்ச்சலால் வால்வு பழுதான இளைஞர்கள் நம் நாட்டில் அதிகம். 1990-இல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் உள்நாட்டு வால்வு முதன்முதலில் பொருத்தப்பட்ட பிறகு ஏழைகளுக்கும் அந்த அறுவை எட்டியது. இவர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெடிக்கலில் “லூஸ் மோஷனுக்கு ஏதாவது குடுங்க” என்றால் கையில் வருவது பெரும்பாலும் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த அட்டை. இரண்டுமே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வீச்சைக் கூட்டுபவை. பல் ஈறில் கசிவு, கறுத்த மலம், அரிதாக மூளையில் ரத்தக்கசிவு. டெட்டால் வாசனையோடு டாக்டர் சொன்ன “கீரை சாப்பிடாதீங்க” மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். கீரையை அறவே விடவேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். பயப்படவேண்டியது முருங்கைக்கீரையைவிட அந்த அட்டைக்கு.

இடுப்பு வலிக்குத் தரப்படும் டிசானிடினும் அப்படி ஒன்று. வலி மாத்திரைக் கூட்டுகளில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பத்து மடங்காகும். நோயாளி எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இரண்டையும் சேர்த்துத் தரவே கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. சிறுநீர்த் தொற்றும் இடுப்பு வலியும் ஒரே வாரத்தில் வருவது அபூர்வமா என்ன?

உணவோடு மோதுபவை பல. தைராய்டு மாத்திரையை இரும்பு, கால்சியம் மாத்திரைகளிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிவைக்கவேண்டும். ஃபில்டர் காபியோடு விழுங்கினாலும் அது சரியாக உறிஞ்சப்படாது. டாக்சிசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் பாலோடு சேராது. இவையெல்லாம் நேரத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். விரதம் அப்படியல்ல. புனேயில் ஏகாதசியும் சதுர்த்தியும் வீட்டுக்கு வீடு. உபவாசம் என்றால் ஜவ்வரிசி கிச்சடி. பகல் முழுக்கப் பட்டினி, கிளிமெபிரைடு மட்டும் வழக்கம்போல. சர்க்கரை தரைதட்டும். பிறகு கிச்சடி தட்டில் ஏறும், சர்க்கரையும் ஏறும். காப்புரிமை முடிந்து விலை சரிந்ததால் டாபாகிளிஃப்ளோசின் இப்போது சாதாரண நோயாளிக்கும் எழுதப்படுகிறது. நீண்ட பட்டினியில் அது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரவைக்கலாம், அதுவும் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே. ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்படும் பல்லக்குகளோடு பண்டரிபுரம்வரை நடக்கும் வார்கரிகளில் முதியவர்கள் ஏராளம். வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்கவேண்டும் என்று சீட்டிலேயே இரண்டு வரி எழுதித்தருவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இங்கே அதை எழுத இடமில்லை என்பதில்லை, பழக்கமில்லை.

நாட்டு மருந்தை நோயாளி டாக்டரிடம் சொல்வதில்லை, சொன்னால் திட்டு விழும் என்ற பயம். அதிமதுரத்தை நாள்பட எடுத்தால் பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். நீர் மாத்திரையோ டிகாக்சினோ எடுப்பவருக்கு அது விளையாட்டல்ல. “இயற்கைதானே” என்கிற சமாதானத்தைக் கேட்கும்போதெல்லாம், டிகாக்சினே ஒரு செடியிலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

கணினி இதைச் சரிசெய்யுமா? மோதல்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாக உள்ளன. அவற்றின் நோய், எல்லாவற்றுக்கும் கத்துவது. சாதாரண எச்சரிக்கையும் உயிர்போகும் எச்சரிக்கையும் ஒரே நிறத்தில் வந்தால் டாக்டர் இரண்டையும் பார்க்காமல் அழுத்திவிட்டுப் போகிறார். தவிர, பட்டியலில் இல்லாத மருந்தை எந்த மென்பொருளும் பார்க்காது. 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் தருகிறது, எல்லாச் சீட்டும் ஒரே இடத்தில் சேரும் என்ற எண்ணத்தில். தெருமுனை கிளினிக்கின் சீட்டு அதில் ஏறும்வரை, அத்தனை அட்டையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு டாக்டரிடம் போய் மேசையில் கொட்டுவதே நம்மிடமுள்ள நல்ல கருவி. அரசு மருத்துவமனை நோயாளிக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலிருந்து மூலப் பெயரிலேயே மருந்து வாங்கித் தருவதால், ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயரில் ஒளிந்துகொள்ள முடியாது. பக்க விளைவு ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். 2010-இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது.

சீட்டுகள் சந்திக்கிற ஒரே இடம் உண்மையில் மருந்துக் கடை. இதய டாக்டரின் சீட்டும் பக்கத்துத் தெரு டாக்டரின் சீட்டும் அதே கவுண்டருக்குத்தான் வருகின்றன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 அட்டவணைப்படி சில ஆன்டிபயாடிக்குகளையும் தூக்க மருந்துகளையும் விற்றால் டாக்டர், நோயாளி பெயரோடு பதிந்து மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும். 2015-இன் மருந்தாளர் நடைமுறை விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளரின் கடமையாக்கின. அதற்கான படிப்பும் இருக்கிறது. ஊட்டியிலும் மைசூரிலும் ஜேஎஸ்எஸ் கல்லூரிகள் 1990களில் மருத்துவமனை சார்ந்த மருந்தியல் படிப்பைத் தொடங்கின. ஆறு ஆண்டு ஃபார்ம்-டி படிப்பு 2008-இல் வந்தது. மோதல்களைத் தேடிப் பிடிப்பதே அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் வேலை.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்றால், பலர் புனே ஹிஞ்சவாடி, கராடி போன்ற இடங்களின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு. அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளுக்கு எந்த மருந்தோடு எது சேர்ந்து என்ன ஆனது என்ற அறிக்கைகளை அங்கே உட்கார்ந்து வகைபிரிக்கிறார்கள். நேர்த்தியான வேலை, ஓரளவு நல்ல சம்பளம், குறைசொல்ல ஒன்றுமில்லை. அதே நகரின் மருந்துக் கடையில் டிப்ளமோ சான்றிதழ் சுவரில் தொங்க, பெரும்பாலும் வேறொருவர் மாத்திரை எடுத்துத் தருகிறார். பில் போட அவரிடமும் கணினி இருக்கிறது. வாடிக்கையாளரின் போன் நம்பரும் போன மாதம் வாங்கிய மாத்திரைகளும் அதில் இருக்கின்றன. எந்த அட்டை தீரப்போகிறது, எது காலாவதியாகப்போகிறது என்று அது தவறாமல் சொல்லும். அந்தத் திரையில், ஆஸ்பிரின் எடுப்பவருக்கு அசெக்ளோஃபெனாக் பில்லாகிறது என்று ஒரு வரி காட்டச் சொல்லி யாரும் அந்த மென்பொருள்காரரிடம் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.